பசங்க சண்டை அல்ல

"பசங்கன்னா அப்படித்தான் சார், இன்னைக்கு அடிச்சுக்கும், நாளைக்குத் தோள்ல கை போட்டுக்கிட்டுப் போகும்." ஒரு பிள்ளை தினமும் வதைபடுவது தெரிந்தும் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இதைவிட வசதியான சாக்கு கிடையாது.

சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கும். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனின் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குவதும், ஒரு பெண்ணின் நிறத்தைக் கேலி செய்து வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் விடுவதும் எப்படிச் சண்டையாகும்? நார்வேயில் இதை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதுதான் நம் ஊரில் உறைப்பதில்லை. அதைத் தோண்டினால் சாதி வரும்.

நாங்குநேரியில் வந்தது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அவனை ஏவல் வேலை வாங்கி மிரட்டியிருக்கிறார்கள். அவன் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். புகார் பள்ளிக்குப் போன பிறகுதான் அரிவாள் வந்தது. மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அவன் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். "கஷ்டப்பட்டால்தான் பிள்ளை தேறும்" என்பவர்கள் இதையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். வெட்டுப்பட்டதாலா தேறினான்? வெட்டுப்பட்டும் தேறினான்.

தலைமையாசிரியர் அறையில் வதைத்தவனையும் வதைபட்டவனையும் நிறுத்தி, கைகொடுக்க வைத்து அனுப்புகிற வழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். வாசல் தாண்டியதுமே 'போட்டுக் கொடுத்தவன்' என்ற பட்டம் காத்திருக்கும். 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியையும் எல்லோரும் பார்க்கிற வராந்தாவில் மாட்டினால் அதில் காகிதம் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

பின்லாந்தில் இந்த வதையைத் தடுக்க வந்த கிவா திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களைப் பிடிக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் வதைப்பவனுக்கு ஏது கெத்து? வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பேரை ஆசிரியர் தனியே அழைத்து, வதைபடும் பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார். வதைத்தவர்களிடம் தனியாகப் பேச்சு; பிறகு, உண்மையிலேயே நின்றதா என்று மறுபடியும் விசாரணை. நம் பள்ளிகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது விசாரணைதான்.

நாங்குநேரிக்குப் பின் அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. கைக்கயிறும் திலகமும் கூடாது என்று அதே அறிக்கை சொன்னதற்குத்தான் ஊரெல்லாம் கொதித்தது. நல அலுவலர் எங்கே என்று கேட்கத்தான் அந்தக் கொதிப்பில் கால்வாசிகூட இல்லை.