கடதாசியில் ஏறும் உலோகம்

உலோகங்களைப் பகுத்தறிதல் என்றவுடன் பழைய மாணவர் பலர்க்கு நினைவில் எழுவது கிப்பின் கருவியும் அதிலிருந்து வந்த கூழ்முட்டை நாற்றமுமேயாம். நாற்றத்தைப் பொறுத்தோம். ஆயினும் ஆண்டு முழுவதும் செய்த அப்பகுப்பினால் யாம் பெற்ற விடை எப்பொழுதும் ஒரு பெயராகவே இருந்தது. செம்பு உண்டு, நிக்கல் உண்டு என எழுதினோம். எவ்வளவு உண்டு என எவரும் வினவிலர்.

பெயரறிதலோடு நின்றுவிடும் இரசாயனம் அரைகுறை இரசாயனம் என்பது எமது துணிபு. அக்குறையைப் பெருஞ்செலவின்றி நீக்கவல்லது கடதாசி நிறப்பகுப்பு. 1944 இல் கொன்சுடன், கோடன், மாட்டின் என்னும் மூவர் இங்கிலாந்தில் அமினோவமிலங்களைப் பிரித்தற்கு வடிதாளைக் கையாண்டனர். சில ஆண்டுகளுள் அது உலோகங்களுக்கும் ஏற்றதெனக் கண்டனர். 1952 இல் இத்துறைக்கு வழிவகுத்த மாட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபற் பரிசு கிடைத்தது.

பௌதிகவியற் கூடத்திற் கிடக்கும் கொன்சுதந்தன் கம்பியில் ஒரு சிறு துண்டை நிறுத்து எடுப்போம். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 55 பங்கு செம்பு, 45 பங்கு நிக்கல். அதனை நைத்திரிக்கமிலத்திற் கரைத்து, புகையறையில் உலர வற்றவைத்து, ஐதரோக்குளோரிக்கமிலத்தில் மீளக் கரைத்து, வடிதாட் கீற்றின் அடியிற் பென்சிற் கோட்டின்மேற் பொட்டாக இடுவோம். அமிலஞ் சேர்ந்த அசற்றோன் உள்ள மூடிய சாடியில், பொட்டு நனையாது அடிவிளிம்பு மட்டுந் தோய நிறுத்தினால், கரைப்பான் மெல்ல ஏறும். செம்பு குளோரைட்டோடு பிணைந்து சிக்கலயனாகி அதனுடன் மேலே செல்லும். நிக்கல் அவ்வாறு பிணையாமையால் தாளிலுள்ள நீரை விடாது அடியிலே தங்கிவிடும். தாளை உலர்த்தி, அமோனியா ஆவியிற் காட்டி, உரூபியானிக்கமிலந் தெளித்தால், கீழே நீலவூதா, மேலே ஒலிவுப் பச்சை. இதனைக் கண்ட மாணவனுக்குச் சிக்கலயன் என்பது பின்னர் வெறுஞ் சொல்லாய் இராது.

இனி அளத்தல். 5, 10, 20 மைக்கிரோகிராம் நிக்கல் உள்ள பொட்டுக்களை, ஒரே கனவளவினவாக, அதே தாளிற் பக்கத்தே இட்டு ஒருங்கே ஓடவிடல் வேண்டும். பொட்டின் பரப்பு உலோகத்தின் அளவுக்கு நேர்விகிதமாய் வளர்வதன்று. அளவின் மடக்கையோடு வளர்வது. வரைபுத்தாளில் அந்நேர்கோட்டை வரைந்தால் கம்பியின் நிக்கல் எவ்வளவென வாசிக்கலாம். மடக்கை அட்டவணை கணித ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று என அறிய இதனினும் நல்ல இடம் வேறுண்டோ?

அணுவுறிஞ்சல் நிறமாலைமானி இதனை நிமிடத்திற் செய்யும் இக்காலத்திற் கடதாசி எதற்கு என்பார் உளர். தொழிற்சாலைக்கும் நீர்ச்சோதனைக்கும் அத்தகைய கருவியே வேண்டும். அதில் எமக்குப் பிணக்கில்லை. ஆனாற் பாடசாலைக்கு அத்தகைய ஒன்று வந்தால் அதன் அறைத்திறப்பு யார் கையில் இருக்கும்? 45 வரவேண்டிய இடத்தில் 38 வந்தது ஏன் என மாணவனை இருத்திச் சிந்திக்கவைப்பது அவன் தன் கையால் இட்ட பொட்டே.

யூபிலி நினைவாகக் கல்லூரிக்கு ஏதேனும் அளிக்க எண்ணும் அன்பர்கள், பெயர் பொறிக்க இடமில்லாத பொருள்களையும் சற்று நினைப்பாராக: வடிதாட் பெட்டிகள், நுண்குழாய்கள், மூடியுள்ள சாடிகள், காற்றை நன்கு இழுக்கும் ஒரு புகையறை. அசற்றோன் எளிதில் தீப்பற்றுவது. நைத்திரிக்கமிலப் புகையோ நஞ்சு. ஆதலாற் புகையறையையே முதலிற் கேட்கின்றோம்.