குழிவெட்டிகளின் பாட்டும் பூ கேட்கும் விமர்சகர்களும்

'ஹாரர்கோர்' என்று ஒரு சீட்டு. 1994இல் கிரேவ்டிகாஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தபோது அமெரிக்க இசைப் பத்திரிகைகள் அதன் நெற்றியில் ஒட்டியது இதைத்தான். பேய்ப்படத்தை ராப்பில் போட்டிருக்கிறார்கள், ஒரு வியாபாரத் தந்திரம், அவ்வளவுதான் என்பது அதன் பொருள். சீட்டு ஒட்டிவிட்டால் உட்கார்ந்து கேட்கிற வேலை மிச்சம் பாருங்கள்! 'தலித் இலக்கியமா, ஒரே வசவும் சாராய நெடியும்' என்று நம்மூரில் மூக்கைப் பொத்திக்கொண்ட கனவான்கள் செய்ததும் இதே வேலைதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்நிய தேசத்துப் பஞ்சாயத்தை இங்கே நான் இழுப்பது அதனால்தான்.

நாலு பேர் கொண்ட குழு அது. பிரின்ஸ் பால், ஃப்ருக்வான், பொயட்டிக், ரிஸா. ஏற்கெனவே தனித்தனியாகத் தட்டுப் போட்டவர்கள். நாலு பேருமே டாமி பாய் என்கிற கம்பெனியில் இருந்து கசந்து வெளியே வந்தவர்கள். ரிஸா 1991இல் அங்கே 'பிரின்ஸ் ரக்கீம்' என்ற பெயரில், காதல் மன்னன் வேஷத்தில் ஒரு தட்டு கொடுத்தார். எடுபடவில்லை, கைகழுவிவிட்டார்கள். இப்படி செத்துப்போனதாகக் கணக்கு எழுதப்பட்ட ஆட்கள் ஒன்றுகூடித் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் குழிவெட்டிகள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வேறு: பிணத்தை அடக்குபவன், வாசல் காப்பவன், உயிரை அறுப்பவன், எழுப்புபவன். கடைசிப் பெயரைக் கவனியுங்கள் தோழர்களே. எந்தப் பேய்ப்படத்தில் குழிவெட்டுகிறவன் செத்தவனை எழுப்புகிறான்?

இதற்குப் பின்னால் ஒரு சிந்தனை இருக்கிறது. 1964இல் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பிலிருந்து பிரிந்து ஐந்து சதவீதத்தார் இயக்கத்தைத் தொடங்கினார். மக்களில் 85 சதவீதம் பேர் உண்மை தெரியாமல் கண்ணும் காதும் அடைத்துக் கிடக்கிறார்கள். 10 சதவீதம் பேருக்கு உண்மை தெரியும், ஆனால் மறைத்து வைத்துப் பிழைக்கிறார்கள். மிச்சம் 5 சதவீதம் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள். இந்தக் கணக்கில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. மக்களை மந்தை என்கிற வாடை இதில் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ரிஸா வளர்ந்தது இந்தப் போதனையில். மனசளவில் செத்துக் கிடப்பவர்களைத் தோண்டி எழுப்பத்தான் வந்தோம் என்று அந்தக் குழு வெளிப்படையாகவே சொன்னது. மண்வெட்டி தெரிந்தது விமர்சகர்களுக்கு, தோண்டுகிற காரணம் தெரியவில்லை!

தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது 'சிக்ஸ் ஃபீட் டீப்', ஆறடி ஆழம். ஐரோப்பாவில் 'நிகாமார்டிஸ்' என்ற பெயரில் வந்தது. பிணம் விறைப்பதைச் சொல்லும் 'ரிகர் மார்டிஸ்' என்ற மருத்துவச் சொல்லையும், வெள்ளைக்காரன் கறுப்பரை ஏசுகிற வசைச்சொல்லையும் முடிச்சுப் போட்ட பெயர். நீ எனக்கு வைத்த பெயரே என்னைப் பிணமாக்கியது என்று ஒரே சொல்லில் சொல்கிறான் அவன். இதில் தந்திரம் எங்கே இருக்கிறது?

இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதே பிரின்ஸ் பால் 1989இல் டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' தட்டைத் தயாரித்தவர். அட்டை முழுக்கப் பூ, உள்ளே கிண்டலும் குறும்பும். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை நடத்திய விமர்சகர்கள் வாக்கெடுப்பில் அந்த வருஷம் அதற்குத்தான் முதலிடம். நல்ல தட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றடி உயரத்தில் பூவோடு நின்றவனைக் கொண்டாடியவர்கள், அவனே ஆறடி ஆழத்திலிருந்து மண் ஒட்டிய கையோடு பேசினால் 'விளையாட்டு' என்கிறார்கள். பாராட்டியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களும் தாளத்தை மெச்சினார்கள், பேச்சைத் தள்ளிவைத்தார்கள். பறையடிக்கு ஆடுவான், அடிச்சவனுக்குத் தனிக் குவளை வைப்பான், அந்தக் கதைதான்.

பயங்கரம்தான் இவர்களுக்குப் பிடிக்காது என்றால் அதுவும் பொய். 1986இல் ஸ்லேயர் என்ற குழு ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நாஜி மருத்துவனைப் பற்றிய பாட்டோடு ஒரு தட்டு கொண்டுவந்தது. கொலம்பியா கம்பெனி மறுத்தது, கெஃபன் கம்பெனி விநியோகம் செய்தது. அதே கெஃபன் 1990இல் ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பர்களான கெட்டோ பாய்ஸின் தட்டைத் தொட மாட்டேன் என்றது. காரணம்? வன்முறையாம்! நான்கு வருஷத்தில் கெஃபனுக்கு மனசாட்சி முளைத்துவிட்டதாக்கும்.

கிரேவ்டிகாஸின் 'டயரி ஆஃப் எ மேட்மேன்' பாட்டு நடப்பது நீதிமன்றத்தில். கூண்டில் நிற்பவர்கள் தங்களுக்குப் புத்தி பிசகிய கதையை வாக்குமூலமாகச் சொல்கிறார்கள். தட்டு வந்தது 1994 ஆகஸ்டில். செப்டம்பர் 13ஆம் தேதி அதிபர் கிளின்டன் குற்றத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: புதிய சிறைகளுக்கு நிதி, ஒரு லட்சம் புதிய போலீஸ்காரர்கள், மூன்றாம் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. யாரை மனசில் வைத்துப் போட்ட சட்டம் என்பது கறுப்பருக்குத் தெரியும். விமர்சகன் மட்டும் இது எந்தப் பேய்ப்படத்தின் சாயல் என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான்.

இன்னும் கேளுங்கள். 1991இல் அதே நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்கோடியில் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் எலும்புகள். 1794 வரை கறுப்பர்களைப் புதைத்த இடுகாடு அது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். அங்கே புதைந்தவர்கள் பதினைந்தாயிரம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கறுப்பர் பிரச்சினை பண்ணிய பிறகுதான் 1992இல் தோண்டல் நின்றது. மறுபடி அடக்கம் நடந்தது 2003இல். அடிமைக் காலத்தில் கறுப்பனை இரவில் புதைக்கக் கூடாது, சாவுக்குப் பன்னிரண்டு அடிமைகளுக்கு மேல் கூடக் கூடாது என்று அந்த நகரம் சட்டமே போட்டிருந்தது. கிரேவ்டிகாஸ் பாடியது இந்த இடுகாட்டைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. செத்த பிறகும் காவல் போடப்பட்ட சனத்தின் பிள்ளை குழியைப் பற்றிப் பேசினால், அதை சினிமாக் கொட்டகையில் கற்ற பேச்சு என்பதற்கு எவ்வளவு திமிர் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்குப் பாதை விடாததால் நம் ஆள் ஒருவரின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, நமக்குப் புரியாதா இது?

வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் குழிவெட்டி என்ற பெயரை விரும்பி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், வேண்டாமென்றால் கழற்றி வைக்கலாம். இங்கே வெட்டியான் வேலை பிறப்போடு வருகிறது. 'பிணம் சுட மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்' என்று நம் சேரிகள் மறுத்து அடி வாங்கியிருக்கின்றன. ஆகவே இந்தப் பெயரைப் பார்த்துப் புளகாங்கிதப்படும் நம் கல்லூரித் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்கட்டும்.

இன்னொன்று. தட்டில் தற்கொலையைக் கேலியாக்கும் ஒரு பாட்டு உண்டு. அங்கே ஒழுக்க சீலர்கள் அதற்குக் கூச்சல் போட்டார்கள். அவர்கள் கூச்சல் எனக்கு வேண்டாம். ஆனால் பாட்டும் எனக்கு ஒப்பவில்லை. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவைப் பறிகொடுத்த நாம் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. செத்தவனை எழுப்ப வந்தேன் என்கிறவன் சாகப் போகிறவனை நக்கல் பண்ணுவானா? நாலும் ஆண் குரல் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். விமர்சனம் என்றால் இந்த இடத்தில் வந்து மல்லுக்கு நிற்க வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் அது நடக்கவில்லை.

பொயட்டிக் 2001 ஜூலையில் குடல் புற்றுநோயில் இறந்தார். இங்கே ஆப்பிரிக்கக் கவிதை மொழிபெயர்ப்புக்கு எப்போதும் மரியாதை உண்டு. ராப் என்றால் நம் முற்போக்குகளே முகம் சுளிக்கிறார்கள், அது கத்தலாம், குப்பையாம். மாணவர் தோழர்கள் யாராவது இந்தத் தட்டை வரி வரியாகக் கேட்டு, எது பிடிக்கவில்லையோ அதோடு சண்டை போட்டு எழுதி அனுப்புங்கள். அதில் வருகிற வசைச்சொற்களை ஆசிரியர் குழு புள்ளி வைத்து மறைக்காமல் அச்சடிக்கட்டும்.