திரை இருண்டால் யார் குற்றம்?

கம்ப்யூட்டர் புதிது. மின்சாரமும் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் திரை மட்டும் இருட்டு! இல்லையென்றால் எழுத்துகள் பூசணிக்காய் அளவு தெரிகின்றன.

"லினக்ஸ்" போட்ட கம்ப்யூட்டர்களில் சில சமயம் இப்படி நேருவது உண்டு. "காசில்லாமல் கிடைத்த சரக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அது சரியா? சரியல்ல.

டிரைவர் யார்?

திரையில் படம் காட்டுவது "கிராபிக்ஸ் கார்டு". அதை வேலை வாங்க ஒரு சிறு புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் "டிரைவர்". டிரைவர் இல்லாமல் பஸ் ஓடுமா? இதுவும் அப்படித்தான்.

பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் கார்டின் விவரமோ அதைச் செய்த கம்பெனியிடம் இருக்கிறது. அது தெரியாமல் டிரைவர் எழுதுவது எப்படி?

ஏ.எம்.டி. கம்பெனி 2007-ல் தன் கார்டுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா கம்பெனி நெடுங்காலம் அப்படிச் செய்யவில்லை. தொண்டர்கள் கார்டுகளைச் சோதித்துப் பார்த்தே "நூவோ" என்ற டிரைவரை எழுதினார்கள். 2022-ல்தான் என்விடியா தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்து வைத்தது.

கல்லணை சொல்லும் பாடம்

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை, காவிரி மணலில் நிற்கிறது. மணலில் அடித்தளம் போடும் அந்த வித்தையைப் பார்த்துத்தான் 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் பாடம் கற்றார். அதைப் பூட்டி வைத்திருந்தால் அவர் கற்றிருக்க முடியுமா?

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸும் இருந்தது. தஞ்சை, திருவாரூர், நாகைக் கிராமங்களுக்கும் அது போயிற்று. குடியானவர் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான் இருக்கும். அதைப் பல ஆண்டு ஓட்டியாக வேண்டும். பழைய கார்டைக் கம்பெனி கைவிட்டால் பூட்டிய டிரைவரும் அதோடு நின்றுவிடும். திறந்த டிரைவரை வேறு எவரும் எடுத்துச் செப்பனிடலாம்.

ஆகவே, மக்கள் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கும்போது, "டிரைவர் திறந்ததாக இருக்க வேண்டும்" என்று டெண்டரிலேயே நிபந்தனை போட வேண்டும்.

சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். "பென் டிரைவில் லினக்ஸ் போட்டு ஓட்டிக் காட்டுங்கள்" என்று கடையிலேயே கேட்க வேண்டும். திரை பளிச்சென்று தெரிந்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தால் போதும்!