நாய்க்குப் போடும் ஊசி போதுமா?

குஜராத்தின் கிர் சிங்கங்களை வேறெங்கும் கொண்டுபோக வேண்டாம், சுற்றுவட்டார நாய்களுக்கு டிஸ்டெம்பர் வைரஸுக்கான தடுப்பூசி போட்டாலே போதும் என்கிறார்கள். இந்த யோசனை ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. 1994இல் அங்கே இந்த வைரஸ் தாக்கி, மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்தன. பிறகு கிராம நாய்களுக்கு ஊசி போட்டார்கள். நாய்களிடம் தொற்று குறைந்தது. சிங்கங்களுக்குத் தொற்றுவது நிற்கவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நரிக்கும் கழுதைப்புலிக்கும் யார் ஊசி போடுவது? (நாய்களுக்குப் போடுங்கள், நல்லதுதான். அதோடு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.)

"வைரஸ் முன்பும் வந்துபோனது, சிங்கங்கள் பிழைத்தனவே" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. செரங்கெட்டியில் முன்பு வந்த தொற்றுகள் சத்தமில்லாமல் கடந்துபோயின. 1994க்கு முன் கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகளின் உடலெங்கும் உண்ணிகள். அவற்றைத் தின்ற சிங்கங்களின் ரத்தத்தில் உண்ணி பரப்பும் பபேசியா ஒட்டுண்ணி பெருகியது. வைரஸ் எதிர்ப்பாற்றலைக் குலைத்தது, ஒட்டுண்ணி கொன்றது. அடுத்த வறட்சி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆபத்து கிருக்கும் புதிதல்ல. 2018இல் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்பும்படி உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருந்தது. 2022இல் குனோவுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்திறங்கின. கிர் சிங்கம் ஒன்றுகூட அனுப்பப்படவில்லை.