தொட்டி மண்ணைக் கொட்டாதீங்க மக்களே!

சிப்பிகாட் பக்கம் புதுசா குடிவரும் தமிழ்க் குடும்பம் முதல் மாசம் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கும். ஆறாவது மாசம் "இந்த ஊர் மண்ணே உப்புங்க, ஒண்ணும் வராது" என்ற வசனம் வரும். அந்த வசனத்தோடதான் எனக்குச் சண்டை.

உப்புக் கதை பொய்யில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட் வயல்களுக்குள் புகுந்த கடல் பல இடங்களில் திரும்பிப் போகவே இல்லை. நெல் விளைஞ்ச இடத்தில் இப்போ கொக்கு நிக்குது. ஆனா அது பள்ளத்து வயல். மேட்டு மண்ணோட குணம் புளிப்பு, உப்பு இல்லை. அந்தப் பள்ளத்துக்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் வழி சொன்னது: மண்ணை வெட்டி அகலமான மேட்டுப் பாத்தி போடு, பக்கத்தில் வாய்க்கால் விடு, மழையே உப்பைக் கழுவிடும். அப்படிப் போட்ட பாத்தியில் காய்கறி வந்தது. மொட்டை மாடித் தொட்டியில் வராதா? (கடற்கரை மணலை அள்ளிட்டு வந்து கலக்குறவங்க கேஸ் வேற. அதில் உப்போட பவளச் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.)

நாம என்ன பண்றோம்? கப்பலில் வரும் தென்னைநார்க் கழிவுக் கட்டியை வாங்கி, ஊறவெச்சு, தொட்டியை நிரப்புறோம். அது மண்ணில்லைங்க, ஸ்பாஞ்ச். தண்ணியைப் பிடிக்கும், சோறு போடாது. சரியாக் கழுவாத நாரில் உப்பும் இருக்கும். உப்புக்குப் பயந்து உப்பையே காசு குடுத்து வாங்குறோம்! அப்புறம் என்.பி.கே. பாட்டில். வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுற ஊர் இது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தொட்டி ஓட்டை வழியா ஓடிடும். மறுபடி பாட்டில், மறுபடி மழை. சீசன் முடிஞ்சா மண்ணெல்லாம் குப்பையில். எங்க பேங்க் பாஷையில், வட்டி மட்டும் கட்டி அசல் குறையாத கடன்.

உயிருள்ள மண்ணில் கணக்கே வேற. சருகையும் மட்கையும் தின்னும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்கள் உடம்பில் பூட்டி வைக்கும். அதுகளை வேற உயிர்கள் தின்னும்போது வேர் பக்கத்திலேயே சத்து வெளியே வரும். மழை அதை அவ்வளவு சுலபமாத் திருட முடியாது.

இதைத் தொட்டியில் பண்ணிக் காட்டியதில் அமெரிக்கா, கனடாவின் கஞ்சா வளர்ப்பாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு :-) (இங்கே 1985 போதைப்பொருள் சட்டம் இருக்கு, நமக்குத் தக்காளி போதும்.) அத்தனை விலையுள்ள பயிருக்கே அவங்களில் பலர் பழைய மண்ணைக் கொட்டுறதில்லை. தண்டை அடியில் அறுத்துட்டு, வேரை உள்ளேயே மட்க விட்டு, மேலே மட்கு போட்டு அதே தொட்டியில் அடுத்த செடி.

"நான் பஞ்சகவ்யா ஊத்துறேனே" என்பவர்களுக்கு: கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய நல்ல சரக்குதான். நூறு லிட்டர் தண்ணிக்கு மூணு லிட்டர் என்பது அளவு. வெயிலில் காயும் மொட்டை மண்ணில் குடம் குடமா ஊத்தினா, வந்த நுண்ணுயிர் எதைத் தின்னும்?

20 லிட்டருக்குக் குறையாத தொட்டி. மேட்டுச் செம்மண், நல்லா மட்கிய எரு, செங்கல் துண்டோ கழுவின நாரோ, மூணும் சம அளவு. புளிப்புக்கு முட்டை ஓட்டுத் தூள். மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு, பாக்கு மட்டைத் துண்டு. அடைமழையில் தாழ்வாரத்து ஓரம் நகர்த்துங்க. வெண்டைக்காய் முடிஞ்சுபோன வீடுகள் இந்த ஞாயிறு செடியைப் பிடுங்காம அடியில் அறுத்துட்டு, பக்கத்துலயே கொத்தவரை விதை ரெண்டு ஊனுங்க.