தீவுகளை விற்பவர்கள்

'இன்வெர்ட்டர்' என்பது தமிழ்நாட்டில் வீட்டுச் சொல்லாக ஆனது மின்வெட்டுக் காலத்தில்தான். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே நாளின் பாதிப் பொழுதை மின்சாரமின்றிக் கழித்த ஊர்கள் பல. கூடத்து மூலையில் ஒரு பேட்டரியின் மேல் உட்கார்ந்துகொண்டு, மின்சாரம் போனதும் ஒரு மின்விசிறியையும் இரண்டு விளக்குகளையும் ஓட்டிய பெட்டிக்கு நாம் அந்தப் பெயரை வழங்கினோம். மின்சாரம் இல்லாதபோது மின்சாரம் தருவது எதுவோ, அது இன்வெர்ட்டர். பொறியியல் நூல்கள் என்ன சொன்னாலும் நம் வீடுகளில் அச்சொல்லுக்கு இதுதான் பொருள்.

இன்று அதே சொல்லைக் கொண்டு வேறோர் இயந்திரம் விற்கப்படுகிறது. மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுகிறவர்களுக்குத் தரப்படும் அந்தப் பெட்டி கிரிட்-டை இன்வெர்ட்டர்; கடைமொழியில் 'ஆன்-கிரிட்'. மின்வாரியக் கம்பியில் மின்சாரம் ஓடும்போது மட்டுமே அது இயங்கும். கம்பியில் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும், உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும். பழைய பெட்டி விழித்தெழும் அதே கணத்தில் புதிய பெட்டி உறங்கிப்போகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விற்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். சொல்லைப் பற்றிய தகராறு என்பதால், இலக்கியம் பேசும் இந்தப் பக்கத்தில் இதை எழுதுவதற்கு நாங்கள் தயங்கவில்லை.

இயந்திரத்தின் மேல் நமக்குக் குறையொன்றும் இல்லை. பேனல் தருவது நேர்மின்னோட்டம். அதை மாறுமின்னோட்டமாக்கி, கம்பியில் ஓடும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையோடு இம்மியும் பிசகாமல் கைகோத்து உள்ளே செலுத்துவது இதன் பணி. தானாக ஓர் அலையை உண்டாக்குவது இதன் வேலையன்று. ஒத்து ஊதுபவர் போல, நாதஸ்வரம் இருக்கும்வரைதான் இதற்கும் கச்சேரி.

மின்சாரம் நின்றதும் இது ஏன் நின்றாக வேண்டும்? தெருக்கோடிக் கம்பத்தின் மேல் ஒரு மனிதர் ஏறி நிற்கிறார் என்பதால். மின்மாற்றியில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அதைத் தொடுகிறார் லைன்மேன். அப்போது ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து வெயிலின் மின்சாரம் அந்தக் கம்பிக்குள் வந்துகொண்டிருந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊரெல்லாம் இருண்டிருக்க ஒரு துண்டுக் கம்பி மட்டும் உயிரோடிருக்கும் நிலையைப் பொறியாளர்கள் 'தீவு' என்று அழைக்கிறார்கள். தீவு உருவாகாமல் தடுப்பதே கிரிட்-டை இன்வெர்ட்டரின் முதற்கடமை. கம்பி செத்த 2 நொடிகளுக்குள் அது விலகிவிட வேண்டும் என்பது பன்னாட்டுத் தரநிலை. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 16169 வகுப்பதும் இதைச் சோதிக்கும் முறையைத்தான்.

ஆக, தீவாகக் கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை, தீவாக வாழலாம் வாருங்கள் என்று கூவி விற்கிறார்கள். 'உங்கள் மின்சாரம் உங்கள் கையில்', 'மின்வாரியத்திலிருந்து விடுதலை' என்கிற பாணியில் அமைந்த வாசகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடப்பது என்ன? பகலில் நம் மாடி விளைவித்ததில் மிஞ்சியதைக் கம்பியில் விடுகிறோம். இரவில் அதே கம்பியிடம் கை நீட்டுகிறோம். நெட் மீட்டர் முறையில் கொடுத்ததும் எடுத்ததும் கழித்துக்கொள்ளப்படுகின்றன. நமக்குக் களஞ்சியம் அந்தப் பொதுக் கம்பிதான். அதற்கு இரவெல்லாம் உயிரூட்டிக்கொண்டிருப்பவை எங்கோ ஓர் அனல் மின்நிலையமும் அணைக்கட்டும் அணுவுலையும். இதற்கு விடுதலை என்று பெயரிட்டால், வங்கியில் கணக்கு வைத்திருப்பவரெல்லாம் வங்கியிலிருந்து விடுதலை பெற்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

வணிகர்களை மட்டும் சாடித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 'தற்சார்பு' என்ற சொல்லை விளம்பரக்காரர்களுக்குக் கொடையாகத் தந்தது சிறுபத்திரிகைச் சூழல். சூழலியல் கட்டுரை என்றாலே ஜே.சி. குமரப்பாவை ஒரு வரி அழைத்து, தனி வீடு, தனிக் கிணறு, தனி மின்சாரம் என்று முடிப்பது வழக்கமாகியிருக்கிறது. குமரப்பா எடுக்க எடுக்கத் தீரும் பண்டங்களையும் தீராத ஊற்றுகளையும் பிரித்துக் காட்டினார் என்பது உண்மை. ஆனால் அவரே பொருளாதாரங்களைப் படிநிலைகளாக வகுத்தபோது, ஒட்டுண்ணியையும் கொள்ளையையும் கீழே வைத்து, தேனீக் கூட்டத்தைப் போன்ற கூட்டு வாழ்வை மேலே வைத்து, தொண்டை அதற்கும் மேலே வைத்தார். தனக்கு மட்டும் தேன் சேர்க்கும் தேனீ அவருடைய பட்டியலில் இல்லை. மதில் சுவருக்குள் அடங்கிய தற்சார்பை அவர் பெயரால் பேசுகிறவர்கள் அவரை முழுக்கப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

'இலவசம்' என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்தின் பெயரிலேயே இலவச மின்சாரம் இருக்கிறது. ஒரு கோடி வீடுகள், மாதம் 300 யூனிட் வரை என்றார்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 என்று 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். அதற்கு அடிப்படையாகக் கொண்ட விலை 1,45,000. அரசின் கணக்குப்படியே மிச்சம் 67,000 ரூபாயை வீட்டுக்காரர் போட வேண்டும். சந்தை விலை கூடினால் இன்னும் அதிகம். முதல் போட்டுப் பல ஆண்டுகளில் ஈட்டுவதை இலவசம் என்பதில்லை. மேலும், இந்த மானியம் கம்பியோடு இணைந்த அமைப்புகளுக்கானது. மின்வெட்டுக்கு ஆகும் என்று நம்பி விண்ணப்பிக்கிறவருக்குக் கிடைக்கப்போவது மின்வெட்டில் உறங்கும் பெட்டி.

மாடிக் காற்றாலை விற்பவர்களின் கணக்கு இதைவிட மோசம். 1986இல் தூத்துக்குடி அருகே முதல் காற்றாலைகள் சுழலத் தொடங்கியதிலிருந்து, முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் தமிழரின் கற்பனையில் காற்று என்றாலே மின்சாரம் என்று பதிந்துவிட்டன. அங்கே வீசுவது கணவாய்க் காற்று. அதை வாங்க உயர்ந்த கோபுரமும் நீண்ட இறகுகளும் இருக்கின்றன. நகரத்து மாடியில் இருப்பது சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் மோதி உடைந்த காற்று. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். '1 கிலோவாட்' என்று எழுதிய சிறு காற்றாலை அந்தத் திறனைத் தருவது பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில். வேகம் 4 மீட்டராக, மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் திறன் இருபத்தேழில் ஒன்றாகிவிடும்: ஏறத்தாழ 37 வாட். ஒரு பழைய மின்விசிறியைச் சுழற்ற இதைப்போல் இரு மடங்கு வேண்டும். எவ்வளவு உயர்ந்த இயந்திரமானாலும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஆல்பர்ட் பெட்ஸ் 1919லேயே நிறுவிவிட்டார். விளம்பரத் துண்டுகளில் பெட்ஸ் இடம்பெறுவதில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் விலகிக்கொண்டால் பேனல் வெயிலில் சும்மா கிடக்கும், அதற்குக் கேடில்லை. காற்றாலை அப்படிச் சும்மா இருக்காது. சுமை நீங்கிய சுழலி கட்டற்ற வேகம் எடுத்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும். அந்த ஆற்றலை வெப்பமாக்கி விழுங்க ஒரு மாற்றுச் சுமையும், தடுத்து நிறுத்த ஒரு பிரேக்கும் கட்டாயம் தேவை. பேனலுக்கென்று செய்த இன்வெர்ட்டரைக் காற்றாலைக்கு மாட்டித் தருகிறவர், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே எதைத் தொங்கவிடுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு மறுமொழி உண்டு: 'ஹைபிரிட் இருக்கிறதே, பேட்டரியும் வைத்துக்கொள்ளலாமே?' நியாயமான மறுமொழி. ஹைபிரிட் இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது வீட்டைக் கம்பியிலிருந்து முற்றாகப் பிரித்துவிட்டு, உள்ளே தனி அலையை உண்டாக்குகிறது. தெருக் கம்பத்து மனிதருக்குக் கேடில்லை; வீட்டில் விளக்கும் எரியும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் அதுவே சரியான தேர்வு. ஆனால் அதன் விலை அதிகம். பேட்டரிக்கு ஆயுள் குறைவு. வீட்டின் எல்லாச் சுமைகளையும் அது பெரும்பாலும் தாங்குவதில்லை. இவற்றைச் சொல்லி விற்பவரோடு நமக்குப் பிணக்கில்லை. ஹைபிரிட்டின் கனவைக் காட்டி ஆன்-கிரிட்டைக் கையில் திணிப்பவரோடுதான் பிணக்கு.

'என் வீடு, என் பணம், எதை மாட்டினால் யாருக்கென்ன?' என்பவர்களும் உண்டு. ஜெர்மனி இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அங்கே பழைய விதிப்படி, கம்பியின் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் வீட்டு இன்வெர்ட்டர்கள் விலகிவிட வேண்டும். ஆயிரம் வீடுகளில் இருந்தபோது அது நல்ல விதி. பல இலட்சம் கூரைகளில் பேனல்கள் ஏறிய பிறகு, அத்தனையும் ஒரே நொடியில் விலகினால் கட்டமைப்பே குலையக்கூடும் என்று தெரிந்தது. 2012இல் தனி ஆணை பிறப்பித்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைத் திருத்தினார்கள். கூரையேறும் ஒவ்வொரு பெட்டியும் பொதுச் சொத்தின் ஓர் அங்கம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், முத்திரையில்லாத, சுவரில் செருகினால் போதும் என்கிற பெட்டிகளை வாங்குகிறவர் தம் பணத்தோடு மட்டும் சூதாடவில்லை.

எனவே வாங்குவதற்கு முன் விற்பவரிடம் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம் போனால் இந்தப் பெட்டி இயங்குமா, ஆம் அல்லது இல்லை? ஐ.எஸ். 16169 சோதனைச் சான்று எங்கே? எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. அப்போதெல்லாம் விலகிக்கொண்டால் இழப்பு எவ்வளவு? அடுக்ககத்தில் டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது சூரிய மின்சாரம் அதற்குள் திரும்பிப் பாயாமல் தடுக்க என்ன ஏற்பாடு? பேனல் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டர் அத்தனை காலம் உழைக்காது. இடையில் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா? வெயிலில் காய்ந்தால் அதன் ஆயுள் குறையும். நிழலான இடத்தில் மாட்டித் தருவீர்களா? முதல் கேள்விக்கே நேரான பதில் வராவிட்டால் மற்றவற்றைக் கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.

வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; அத்தனையும் எரியாத நிலக்கரி. வாங்குங்கள், பகலில் பக்கத்துத் தெருவுக்கும் இரவில் பொதுக் கம்பிக்கும் கடன்பட்டவர் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மின்சாரம் நின்ற ஒரு நண்பகலில் உங்கள் மாடிப் பெட்டி மௌனமாகிவிட்டால் விற்றவரைத் திட்டலாம், அவர் சொல்லாமல் விற்றிருந்தால். பெட்டியைத் திட்ட வேண்டாம். கம்பத்தில் இருப்பவர் கீழே இறங்கும்வரை அது காத்திருக்கிறது.