தாழ்ந்த படியில் வென்ற கோப்பை

கிரிக்கெட் திடலின் ஓரத்தில் ஆடுவோரைக் கண்டு, 'சியர்லீடிங்' என்பது வெறும் கேளிக்கை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அமெரிக்காவிலோ அது குட்டிக்கரணமும் மனிதக் கோபுரமும் இணைந்த கடும் போட்டி விளையாட்டு. அதன் உலக அமைப்பைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021-இல் முழுமையாக ஏற்றுக்கொண்டது.

அங்கே தனியார் பயிற்சிக்கூடங்களின் அணிகள் வயதாலும் திறனாலும் பிரிக்கப்படுகின்றன. திறன் நிலைகள் 7. முதல் நிலையில் உருளுதல், பக்கக் கரணம் போன்ற எளியவற்றுக்கே இடமுண்டு. கைகளை ஊன்றிப் பின்னோக்கித் துள்ளும் கரணம் இரண்டாம் நிலையில்தான் தொடங்கும். பிள்ளைகளின் கழுத்தும் முதுகும் முறியாதிருக்கவும், ஒத்தவர் ஒத்தவரோடு மோதவும் வகுத்த நெறி இது.

ஆனால், அணியை எந்த நிலையில் இறக்குவது என்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் பயிற்சிக்கூடமே. வஞ்சகம் நுழையும் வாயில் அதுதான். மூன்றாம் நிலைக்குத் தேறிய பிள்ளைகளை இரண்டாம் நிலையில் நிறுத்திக் கோப்பையைக் கைப்பற்றுவோர் உளர். 'சாண்ட்பேகிங்' என்று அதற்கு அங்கே பெயரே உண்டு. "விதி எதையும் மீறவில்லையே" என்பது அவர்தம் வாதம். அச்சம் தெளியாத பிள்ளையைக் கீழ்நிலையில் வைத்துப் பழக்குவது பொறுப்புள்ள செயல். அதை நாம் குறை கூறோம். தேறிய பிள்ளையைப் பரிசுக்காகக் கீழே நிறுத்துவது, விதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொல்வதாகும்.

பிரிவு பொய்த்தால் என்ன நேரும் என்பதற்கு வேறொரு விளையாட்டு சான்று தருகிறது. 2000-இல் சிட்னி பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அவ்வணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளியாயிற்று. பதக்கம் பறிபோனது. அத்தோடு நின்றதா? அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான போட்டிகள் அனைத்துமே பாராலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2012-இல் லண்டனில்தான் அவர்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. ஏமாற்றியவர் சிலர், தண்டம் இறுத்தவர் எளியோர்.

சியர்லீடிங் திடலில் தோற்ற பிள்ளைக்கு இழைத்த அநீதி எவர் கண்ணுக்கும் தெரியும். வென்ற பிள்ளைக்கு இழைத்ததோ எளிதில் தெரியாது. ஏற வேண்டிய படியில் ஏறாமல், ஓராண்டு வளர்ச்சியைக் கோப்பைக்கு விலையாகக் கொடுத்தது அந்தப் பிள்ளை. மேலும், தன்னினும் எளியவரை வெல்வதே வெற்றி என்னும் பாடத்தையும் கற்றுக்கொள்கிறது.

எனவே, பரிசால் ஆதாயம் பெறுவோரே தம் அணியின் நிலையைத் தீர்மானிக்கும் முறை மாறவேண்டும். ஆதாயமற்ற நடுவர் அதனைச் செய்யட்டும். பெற்றோரும், "எத்தனை கோப்பைகள்?" என்று கேட்பதை விட்டு, "என் பிள்ளை யாரோடு மோதி வென்றது?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு நாணாமல் விடை கூற இயலும் கோப்பையே வீட்டில் வைக்கத் தகுந்தது.